உரப்பை மண்

பேராசிரியர் யோகலிங்கம் சிரித்தால் மழை வரும் என்று அகழ்வுக் குழுப் பிள்ளைகள் தங்களுக்குள் பகிடி விடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மழை வரவில்லை, வெயில்தான் மண்டையைப் பிளந்தது. அவருடைய உள்ளங்கையில் புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய சுட்ட மண்கட்டி ஒன்று கிடந்தது. ஒரு முகத்தில் காளையும் விளக்கும் பதிந்திருந்தன. மறுமுகத்தில் கயிறு அழுந்திய தடம் இருந்தது.

"ஜுமானா, இது என்னெண்டு விளங்குதோ?"

"அரச முத்திரை, சேர். மூட்டையைக் கட்டி, முடிச்சில களிமண்ணை அப்பி, அதில குத்தினது."

"அப்பிடி முத்திரை குத்தின மூட்டை எங்க இருந்திருக்கும்?"

"அரண்மனைக் களஞ்சியத்தில."

"அரண்மனை எங்க?"

ஜுமானா பதில் சொல்ல முன்னரே அவர் செருப்புக் காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜுமானா கைதட்டவில்லை, குழியைத் திரும்பிப் பார்த்தாள். முத்திரை கிடைத்தது அவளுடைய குழியில்.

சம்பூரைத் தாண்டி, கொட்டியாரக் குடாவின் காற்று வந்து சேரும் தூரத்தில் இருக்கிறது இலந்தைமேடு. குடாவில் கப்பல் விட்டு வணிகம் செய்த ஒரு சிற்றரசின் தலைநகர் அந்தப் பக்கத்தில்தான் புதைந்து கிடக்கிறது என்று யோகலிங்கம் இளவயதிலிருந்தே சொல்லி வந்தார். காளையும் விளக்கும் போட்ட காசுகள் குடாவைச் சுற்றி அங்குமிங்கும் கிடைத்திருந்தன. நகரம்தான் கிடைக்கவில்லை. மற்றப் பேராசிரியர்கள் அவர் முகத்துக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். மார்கழியில் அவருக்கு ஓய்வு. அதற்குள் நகரம் வெளிப்படாவிட்டால் பல்கலைக்கழகம் இந்த அகழ்வை இழுத்து மூடிவிடும். அதோடு ஜுமானாவின் தற்காலிக விரிவுரையாளர் வேலையும் போய்விடும்.

தோப்பூரில் நெல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண் அவள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். "இவள் குழியைக் கட்டிக்கொண்டு கிடக்கட்டும், மாப்பிள்ளை பார்க்கிற செலவு மிச்சம்" என்று அவளுடைய உம்மா சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார். இப்போது அந்தக் குழியே வாயைத் திறந்துவிட்டது. பல்கலைக்கழக உபவேந்தர் சனிக்கிழமை பத்திரிகைக்காரரோடு வருவதாகச் சொல்லியாயிற்று. அன்றிரவு ஜுமானா நன்றாகத் தூங்கினாள். அதுதான் கடைசி நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் குழியின் சுவரை வரைய வேண்டியிருந்தது. காய்ந்த மண்ணில் அடுக்குகள் தெரியாது; எல்லாம் ஒரே மண் போலத்தான் இருக்கும். அதனால் வெயில் ஏறமுன் சுவரை நனைத்துவிட்டு வரைவார்கள். நெல்லுக்கு மருந்தடிக்கிற தாங்கி ஒன்றைப் புதிதாக வாங்கி அதற்கென்றே வைத்திருந்தார்கள். ஜுமானா அதை முதுகில் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, தண்ணீரைப் பூப்போல விசிறினாள். மண் இருண்டது. இருண்ட மண்ணில் மெல்ல மெல்லக் கோடுகள் எழுந்தன.

அவள் விசிறுவதை நிறுத்தினாள். சுவர் முழுவதும் தலையணைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு வரிசையின் பொருத்துக்குமேல் அடுத்த வரிசையின் நடு வரும்படி, யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கிய தலையணைகள். இந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்த வடிவத்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் அதைப் பார்த்துத்தான் அவளும் வளர்ந்தாள். மண் மூட்டை. பங்கர்.

ஒரு தலையணையின் ஓரத்தைக் கரண்டி நுனியால் கிளறினாள். நீல நிறத்தில் ஒரு நூல் வந்தது. உரப்பையின் வாயைத் தைக்கிற நூல். பை உக்கிப்போய்விட்டது, அது பிடித்து வைத்திருந்த மண் மட்டும் வடிவம் மாறாமல் கிடந்தது. நிலம் அந்த இடத்தில் மேடு தட்டியிருந்ததைப் பார்த்துத்தான், கீழே கோட்டை மதில் இருக்கிறது என்று நம்பி அங்கே குழி வெட்டினார்கள். மதில் இல்லை. சண்டைக் காலத்தில் உயிர் தப்ப யாரோ வெட்டிய பங்கர், அதைச் சுற்றி அடுக்கிய மூட்டைகள். அவை சரிந்து மூடிய மேட்டை அவளும் பேராசிரியரும் அரசன் கட்டியதென்று கொண்டாடியிருந்தார்கள். முத்திரை கிடந்தது அந்த மூட்டை மண்ணுக்குள். எங்கேயோ வெட்டி எடுத்துப் பையில் கட்டிக் கொண்டுவந்த மண் அது. அப்படியென்றால் அரண்மனை இங்கே இல்லை.

பொய் சொல்லக் கூடாது, ஜுமானாவுக்கு அந்த நேரம் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. குழிக்குள் வேறு யாருமில்லை. காற்றடித்தால் சுவர் காய்ந்துவிடும். காய்ந்தால் தலையணைகள் மறைந்துவிடும். சனிக்கிழமை வருகிறவர்களில் யார் சுவரை நனைத்துப் பார்க்கப் போகிறார்கள்? வேலை தப்பும். சேர் மரியாதையோடு ஓய்வு பெறுவார். "அல்லாஹ்வே" என்று முணுமுணுத்துக்கொண்டு நெற்றியை முழங்கையால் துடைத்தாள். பிறகு தன்மேலேயே கோபம் வந்து, சுவரை இன்னொரு தடவை நன்றாக நனைத்தாள்.

"சேர், ஒருக்கா இஞ்ச வாங்கோ!"

யோகலிங்கம் வந்து நின்று பார்த்தார். அவள் நீல நூலைக் காட்டினாள். அவர் திரும்பிக் கூடாரத்துக்குப் போய்விட்டார். உள்ளே ஏதோ ஒரு கதிரை விழுகிற சத்தம் கேட்டது. கதிரை தானாக விழவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணி குடிக்கிற நேரம் கழிந்த பிறகுதான் வெளியே வந்தார்.

"நீர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார்.

"ஓம் சேர்."

"விட்டிருந்தால் உம்மை இந்தப் பக்கமே வரவிட்டிருக்கமாட்டன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. முத்திரை பொய்யில்லை. மண் வேற இடத்து மண், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேடிப் பிடியும்."

தேடுவதென்றால் ஜுமானாவுக்குச் சொல்லவா வேண்டும்? மூட்டை மண்ணை அரிதட்டில் தனியாக அரிக்க வைத்தாள். சுற்றுவட்டார மண் சிவப்பு. இதில் சாம்பல் கலந்திருந்தது. மீன் முள்ளும், நகமளவு பானை ஓடுகளும் கிடைத்தன. மனிதர்கள் நெடுங்காலம் குடியிருந்த இடத்து மண் அப்படித்தான் இருக்கும். செல் குண்டு விழுகிற நேரத்தில் மண் மூட்டையை எவரும் நெடுந்தூரம் சுமந்திருக்கமாட்டார்கள். ஆகவே இடம் கிட்டத்தான்.

அரித்துக்கொண்டிருந்தவர் பாக்கியரத்தினம் என்ற ஊர்ப் பெண். நாற்பதைத் தாண்டிய வயது. தொடக்கத்திலிருந்தே அகழ்வில் கூலிக்கு நிற்பவர். அன்று மத்தியானம் அரிதட்டை அப்படியே போட்டுவிட்டு நீல நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜுமானா கிட்டப் போனதும் நூலை நீட்டினார்.

"இது எங்கட பங்கர், தங்கச்சி."

"என்னக்கா சொல்றீங்க? இத்தனை நாளும்..."

"எனக்கும் இப்பத்தான் தெரியும். அகதி முகாமில இருந்து திரும்பி வரேக்க இஞ்ச வீடும் இல்ல, வேலியும் இல்ல, கிணறும் இல்ல. எல்லாத்தையும் மெசின் போட்டுத் தள்ளிப்போட்டாங்கள். எது ஆருடைய வளவெண்டே தெரியாமப் போச்சு. இந்த நூல் நான் தைச்சது. சாக்கூசியால நான் தைக்க, தம்பி அடுக்கினவன்."

"மண் எங்க அள்ளினீங்க?"

பாக்கியரத்தினம் சல்லடைத் தூசி படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "வாங்கோ" என்று முன்னால் நடந்தார்.

குளக்கட்டைத் தாண்டி, பற்றைக்குள் ஒற்றையடிப் பாதையில் போனார்கள். பெரிய பாலைமரம் ஒன்று நின்ற மேட்டில் பாக்கியரத்தினம் நின்றார். ஜுமானா குந்தியிருந்து ஒரு பிடி மண் அள்ளினாள். சாம்பல் நிறம். விரலுக்கிடையில் மாவாக உதிர்ந்தது. மேட்டின் சரிவில் வேர்களுக்கு நடுவே செங்கல் வரிசை ஒன்று தலைகாட்டியது. பழைய காலத்து அகலச் செங்கல். நகரம்! இதோ, காலுக்குக் கீழே.

"இஞ்சதான் மண் இளக்கமாயிருக்கும்" என்றார் பாக்கியரத்தினம். "மற்ற இடமெல்லாம் கல்லு மாதிரி. அதால எல்லாரும் இஞ்ச வந்துதான் பைக்கு மண் அள்ளினவை. ரெண்டாயிரத்து ஆறு, ஆவணி மாசம். நானும் என்ர மனுசனும் தம்பியும் வந்தனாங்கள். கடைசிப் பைக்கு அவன் குனிஞ்சு அள்ளிக்கொண்டு நிக்கேக்க செல் விழுந்தது."

ஜுமானாவின் கையிலிருந்த மண் விழுந்தது.

"அவன் ரஜீவன். இருபது வயசு. தூக்கிக்கொண்டு போக ஏலாது, விட்டிட்டுப் போகவும் ஏலாது. மண் அள்ளின கிடங்கு இருந்தது. அதுக்குள்ளயே வைச்சு மூடிப்போட்டு ஓடினனாங்கள். பாலைமரத்துக்குக் கிழக்கால, இந்தா, இதில." கையை நீட்டிக் காட்டிய இடத்தில் எருக்கலம் பற்றை முளைத்திருந்தது. "திரும்பி வந்தாப் பிறகு எடுத்துக் கிரியை செய்யலாமெண்டு எத்தினை பேரிட்டக் கேட்டம். பொலிஸுக்குப் போ, கோட்டுக்குப் போ எண்டினம். கூலி வேலை செய்யிற நாங்கள் எந்தக் கோட்டுக்குப் போறது? மண்வெட்டியால வெட்டிப் பார்ப்பமெண்டார் அவர். நான் விடேல்ல. செத்தவனை இன்னொருக்கா வெட்டிறதா?"

காற்று பாலைமரத்தை உலுக்கிவிட்டுப் போனது. பாக்கியரத்தினம் ஜுமானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் உடைஞ்ச சட்டி ஓட்டை எடுக்கிறதை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறன். நோகுமெண்டு பயந்த மாதிரி எடுப்பீங்கள். அப்பிடி என்ர தம்பியை எடுத்துத் தாங்கோ."

அதே ஆவணியில்தான் அவளுடைய குடும்பமும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தோப்பூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடியது. அவர்கள் வீட்டில் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள். "எடுத்துத் தாறன் அக்கா" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள், இனி பேச்சு மாற்றமில்லை.

யோகலிங்கம் மேட்டைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். ரஜீவனின் கதையைக் கேட்டதும் மரத்தின் வேரில் அமர்ந்தார்.

"மேடு பெரிசு ஜுமானா. நாங்கள் மேற்குப் பக்கம் வெட்டுவம். கிழக்கால தொடாமல் விடுவம். ஆருடைய மனமும் நோகாது."

"அந்த அக்காட மனம் ஏற்கெனவே நொந்துபோய்த்தான் கிடக்கு சேர். நீதவானிட்டப் போய்ச் சொல்லுவம். ஓடர் தந்தா எடுப்பம்."

"நீர் விளங்காமல் கதைக்கிறீர். கோட்டுக்குப் போனால் இந்த மேடு முழுக்க முத்திரையிடப்படும். வழக்கு முடிய எவ்வளவு காலமோ! நான் மார்கழியில் போயிடுவன். உம்மட வேலையும் போயிடும். முப்பது வருசமாத் தேடின நகரம் இது. கையில கிடைச்ச பிறகு நான் விட்டிட்டுப் போகோணுமோ?" அவர் குரல் உடைந்தது. அவரை அப்படி அவள் கண்டதில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சேர், முதல் வருசத்தில நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் என்ன? நிலத்தில கடைசியா வெட்டின குழி எதுவோ, அதைத்தான் முதலில எடுக்கோணும். அதை விட்டிட்டுக் கீழ போனா, கீழ கிடைக்கிறது ஒண்டையும் நம்ப ஏலாது எண்டு சொன்னீங்கள். இந்த மேட்டில கடைசியா வெட்டின குழி ரஜீவன்ட."

"அது மண்ணுக்குச் சொன்ன பாடம்."

"இதுவும் மண்தானே சேர்."

அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினார். குளக்கட்டுப் பக்கமாக நடந்து போய்விட்டார். ஜுமானா மறுநாள் காலையில் பாக்கியரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, பொலிஸில் வாக்குமூலம் கொடுத்து, மனுப் போட்டார்கள். வரிசையில் நின்று நின்று கால் கடுத்தது. "நீங்கள் இதில் யார்?" என்று கேட்ட இடத்திலெல்லாம், "குழி வெட்டுகிறவள்" என்று ஜுமானா சொன்னாள்.

சனிக்கிழமை உபவேந்தர் வந்தார். பத்திரிகைக்காரர் ஒளிப்படக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு குழியைச் சுற்றி நின்றார்கள். யோகலிங்கம் முழுக்கைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று ஜுமானா அவரையே பார்த்தாள். அவர் தாங்கியைத் தானே முதுகில் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிச் சுவரை நனைத்தார்.

"இது அரண்மனை இல்லை" என்றார். "இது ஒரு குடும்பம் உயிர் தப்ப வெட்டின பங்கர். முத்திரை இந்த மூட்டை மண்ணோட வந்தது. மண் வந்த இடம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அங்க எங்களுக்கு முதல் வேற ஒரு வேலை இருக்கு. அதுக்குக் கோட்டில மனுப் போட்டிருக்கு. அது முடியுமட்டும் நான் தலைநகரைப் பற்றி வாய் திறக்கமாட்டன்."

உபவேந்தரின் முகம் சுருங்கியது. பத்திரிகைக்காரர் ஏமாந்துபோய் வந்த வாகனத்திலேயே திரும்பினார்கள். அடுத்த வருடத்துக்கு இந்த அகழ்வுக்கு இடமில்லை என்று அடுத்த வாரமே பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. யோகலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் இப்போது முகத்துக்கு நேரே சிரித்தார்கள். ஜுமானா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு, மனு எந்த அளவில் இருக்கிறது என்று சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தாள். தினமும் எடுத்தாள். அவளுடைய தொல்லை தாங்காமல்தான் வழக்குத் தவணை சீக்கிரம் கிடைத்தது என்று சட்டத்தரணி பிறகு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

நீதிமன்ற உத்தரவு மாரி தொடங்க முன்னர் வந்தது. சட்ட வைத்திய அதிகாரி மேற்பார்வை செய்ய, தோண்டுகிற வேலையை ஜுமானா பார்க்க வேண்டும் என்று நீதவான் சொல்லியிருந்தார். எருக்கலம் பற்றையை வெட்டி, நிலத்தைச் சீவி, நனைத்தார்கள். சாம்பல் மண்ணுக்கு நடுவே கறுத்த நீள்வட்டம் ஒன்று தெரிந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவு. பாக்கியரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜுமானா குப்புறப் படுத்துக்கொண்டு கரண்டியால் மண்ணை மெல்ல வழித்தாள். பக்கச் சுவரிலிருந்து சுட்ட மண்கட்டிகள் உதிர்ந்து விழுந்தன. ஒன்றல்ல, ஒரு கை நிறைய. காளை, விளக்கு, காளை, விளக்கு. அரசனின் களஞ்சியம் அந்தச் சுவருக்குள் அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தேடிய மனிதர் கிடங்கின் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஜுமானா அண்ணாந்து பார்த்தாள்.

"சேர், இதைப் பாருங்கோ..."

"கண்டிட்டன்" என்றார் யோகலிங்கம். அவருடைய கண் கலங்கியிருந்தது. "ஒரு பக்கத்தில எடுத்து வையும். இவ்வளவு காலம் கிடந்தது, ஓடிப்போகாது. முதல்ல அந்தப் பிள்ளையை எடுப்பம்."

மதியத்துக்கு முன் ஒரு துணி தெரிந்தது. நைலோன் துணி மண்ணில் உக்காது. மண்ணைத் துடைக்கத் துடைக்கப் பச்சை நிறமும், அதில் மஞ்சள் பூவும் வந்தன. யாரோ தலை முதல் கால்வரை இறுக்கிச் சுற்றி, கால்மாட்டில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். சட்ட வைத்திய அதிகாரி குனிந்து பார்த்தார்.

"இதை அடையாளம் காட்டக்கூடியவர் யாராவது இருக்கினமோ?"

"அது என்ர சாறி" என்றார் பாக்கியரத்தினம். "அண்டைக்கு நான் உடுத்திருந்தது. வெறும் மண்ணில வைக்க மனம் வரேல்ல. பாவாடை சட்டையோடதான் வாகரை வரைக்கும் ஓடினனான்."

காவலுக்கு நின்ற இளம் பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். பாக்கியரத்தினம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிடங்குக்குள் இறங்கக் காலை வைத்தார். நீதிமன்ற ஆள் கையை நீட்டி மறித்தார்.

"குடும்பத்து ஆக்கள் உள்ளுக்கு இறங்க ஏலாது, அம்மா. வேலை செய்யிற ஆக்கள் மட்டும்தான்."

"அவ வேலை செய்யிற ஆள்தான்" என்றாள் ஜுமானா. எழும்பி நின்று சொன்னாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்கட குழுவில தொடக்கத்தில இருந்து நிக்கிறா. விடுங்கோ."

நீதிமன்ற ஆள் சட்ட வைத்திய அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

பாக்கியரத்தினம் இறங்கிவந்து ஜுமானாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். ஜுமானா தன் கையிலிருந்த தூரிகையைக் கொடுத்துவிட்டு, ஒதுங்கி இடம் விட்டாள். பாக்கியரத்தினம் முகம் இருந்த பக்கத்திலிருந்து மண்ணைத் துடைக்கத் தொடங்கினார். "கொஞ்சம் பொறு ரஜீவன்" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தார். "அக்கா வந்திட்டன். கொஞ்சம் பொறு."